முந்தின ஷிப்ட் போட்டது

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு டில்லிபாபு ஒரு பாட்டை அழித்தான். நாற்பத்து மூன்று நிமிஷப் பாட்டு. இன்னொரு தடவை பாட முடியாத பாட்டு. எல்லாம் ஒரே கட்டைவிரல் செய்த வேலை. ராத்திரி முழுக்க ப்ரெஸ் ஷாப்பில் தகடு தூக்கிப் போட்ட கை, சுண்டைக்காய் அளவுப் பொத்தானில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். அந்த ரிக்கார்டருக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா? மேலே எழுதட்டுமா என்று ஒரு தடவை கேட்டது. இவன் சரி என்று அழுத்தினான். அது சொன்னபடி எழுதிவிட்டது.

அந்த மெஷினில் எட்டு டிராக். ஒவ்வொன்றிலும் ஒரு சத்தத்தைத் தனித்தனியாகப் பிடித்து வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். ஒன்றாம் டிராக்கில் பாஞ்சாலியின் குரல். இரண்டில் மோகனின் கிட்டார். மூன்றில் ஷாரோனின் கீபோர்ட். நாலாம் டிராக் காலி. ஐந்திலிருந்து எட்டு வரை டில்லியின் பம்பைக்கும் டிரம்ஸுக்கும். அந்த நாலையும் கூட்டிக் காலி டிராக்கில் அடக்குவதுதான் அன்றைய வேலை. நாலாம் டிராக்கில் எழுதச் சொல்ல வேண்டியவன் ஒன்றாம் டிராக்கில் எழுதச் சொல்லிவிட்டான்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டான். கிட்டார் வந்தது. கீபோர்ட் வந்தது. அவனுடைய பம்பை வந்தது. பாஞ்சாலி வரவில்லை. வயரை ஆட்டிப் பார்த்தான். மெஷினை அணைத்துப் போட்டான். வேறு ஹெட்போனை எடுத்து மாட்டினான். நாலாவது தடவை கேட்டபோது புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான், அவை இன்னும் எதையாவது அழுத்திவிடும் என்று பயந்தவனைப் போல.

இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமைதான், பாஞ்சாலிக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தைராய்டு கட்டி. குரல் நரம்பை ஒட்டி வளர்ந்திருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும், பழைய குரல் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்துதான் அவள் அந்தப் பாட்டைப் பாடினாள். ஒரே ஒரு தடவை. ஒத்திகை கிடையாது, இன்னொரு டேக் கிடையாது.

அந்த பேண்டின் பெயர் கலங்கல். வடக்குப்பட்டு ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலுக்குப் பக்கத்தில், மூடிக் கிடந்த சிமெண்ட் கடையின் பின்னறைதான் அவர்கள் வாசிக்கிற இடம். பார்ட்ஸ் சுற்றி வருகிற வெள்ளை ஃபோமைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்து சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். கலங்கல் என்று பெயர் வைத்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. பெயரில் தத்துவம் தேடி வருகிறவர்களிடம் மோகன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மோகன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் வேலை, இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பேரோடு ஒரு ரூம். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் யாரோ கொடுத்த பென்டிரைவைக் கேட்டுக் கேட்டுக் கிட்டார் கற்றவன். டில்லி அதே கம்பெனியில் தகட்டை அழுத்தி வளைக்கிற ப்ரெஸ் ஷாப், சொந்த ஊரே வடக்குப்பட்டுதான். ஷாரோன் சேரப்பணஞ்சேரி, சர்ச்சில் கீபோர்ட் வாசிக்கிற பெண், போன் அசெம்பிளி கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். பாஞ்சாலிதான் மூத்தவள். மோகனும் டில்லியும் சாப்பிடுகிற கேன்டீனில் தட்டு கழுவுகிற மெஷினில் நின்றுகொண்டிருந்தவள்.

மோகன் ஒருநாள் சாப்பிட்ட தட்டை வைக்கப் போனான். தட்டைக் கையில் பிடித்தபடி இருபது நிமிஷம் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள், ஒருவன் அவன் தலைக்கு மேலாகவே தட்டை எறிந்தான், அவன் நகரவில்லை. உள்ளே பாஞ்சாலி பாடிக்கொண்டிருந்தாள். மெட்டு நடவுப் பாட்டு மெட்டு. வார்த்தைகள் அவளுடையவை, சாம்பார் வாளி, தொப்பி போட்ட சூப்பர்வைசர், திரும்பி வராத ஸ்பூன்கள் எல்லாம் அதில் வந்தன. தட்டு கழுவுகிற மெஷின் விடாமல் ஒரு ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும் இல்லையா, அதையே சுருதியாக வைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் நின்றால் பாட்டும் நிற்கும்.

ஆள் சேர்ந்தாயிற்று, நேரம்தான் சேரவில்லை. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று நாலு பேரும் நாலு திசையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் வீட்டுக்கு வரும்போது இன்னொருத்தர் பஸ் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓவர்டைம், ஓ.டி. ஏழு வருஷத்தில் நாலு பேரும் ஒரே அறையில் ஒன்றாக இருந்தது பதினோரு தடவை என்று ஷாரோன் கணக்கு வைத்திருந்தாள். அதில் இரண்டு தடவை கரண்ட் இல்லை.

அதனால் அவர்கள் பாட்டை லைனில் போட்டார்கள். கம்பெனியில் வண்டி எப்படி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகருமோ அப்படி. பாஞ்சாலி அந்த அறைப் பழைய ஃபேனின் ரீங்காரத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் பாடிவிட்டுப் போவாள். அடுத்து நேரம் கிடைக்கிறபோது மோகன் வந்து அதன் மேல் கிட்டார் போடுவான். பிறகு ஷாரோன். கடைசியில் டில்லி. மெஷின் அறையை விட்டு வெளியே போகாது. பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு, ஹேண்ட்ஓவர் நோட்டு. யார், என்ன போட்டேன், என்ன பெண்டிங் என்று மூன்று கட்டம். 'ஆறாம் நிமிஷத்துல பாட்டு நின்னுடுது, அங்கருந்து நீ எடுத்துக்கோ' என்று ஒருத்தர் எழுதினால், அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு விதி இருந்தது. பாஞ்சாலி தன் கையெழுத்தில், முட்டை முட்டையாக எழுதியது: 'முந்தின ஷிப்ட் போட்டதைக் கழட்டக் கூடாது.' பிடிக்கவில்லையென்றால் அதன் மேல் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம். கழட்டக் கூடாது.

விதி முதல் ஆல்பத்திலேயே பரீட்சைக்கு வந்தது. மோகன் கிட்டார் வாசித்த அன்று பக்கத்து குடோனில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகர்ந்து, அதன் பீப் பீப் சத்தம் பத்து நிமிஷத்துக்குப் பாட்டில் ஏறிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி வாசிக்கிறேன் என்றான். பாஞ்சாலி கேன்டீன் ஜன்னல் வழியாகவே தீர்ப்புச் சொன்னாள். "அதுவும் போட்டதுதானே. இருந்துட்டு போவட்டும்." டில்லிக்கு வந்தபோது அந்த பீப்புக்கும் அடுத்த பீப்புக்கும் நடுவே எத்தனை அடி விழும் என்று எண்ணினான். ஒன்பது விழுந்தது. அவனும் ஒன்பது அடித்தான். அந்தப் பத்து நிமிஷத்தில், லாரி நகர்கிற குடோன் முழுக்க எழுந்து நின்று ஆடுகிற மாதிரி இருக்கும். ஆல்பத்துக்குப் பெயர் 'பின்னால் வண்டி வருது.' முதல் மூன்று மாசத்தில் கேட்டவர்கள் நூற்று நாற்பது பேர், அதில் பாதி ஷாரோனின் சொந்தக்காரர்கள்.

இரண்டாவது 'கேட் பாஸ்.' ஐந்து பாகமாக ஒரே பாட்டு, முப்பத்தெட்டு நிமிஷம். கம்பெனி பஸ் டிரைவர் மாரி அதைப் பஸ்ஸில் போட்டார். இருங்காட்டுக்கோட்டையில் ஏறினால் கம்பெனி கேட் வர முப்பத்தாறு நிமிஷம். கேட் வந்தும் யாரும் இறங்கவில்லை. ஐம்பது பேர் கையில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்து மிச்ச இரண்டு நிமிஷத்தைக் கேட்டார்கள். செக்யூரிட்டி வந்து கண்ணாடியில் தட்டினார், பிறகு அவரும் ஏறிக் கேட்டார். அன்று ஐம்பது பேருக்கும் லேட் மார்க். நம்பாதவர்கள் மாரியிடம் கேட்டுக்கொள்ளலாம், அவருக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது.

மூன்றாவது 'ஏரி நிரம்பினா சொல்லி அனுப்பு.' அதைக் கேட்டுவிட்டு பின்லாந்திலிருந்து ஒருவர் நீளமாக மெயில் போட்டார். ஏழும் ஏழும் எட்டுமாக மாறி மாறி வருகிற தாளத்தை எப்படி யோசித்தீர்கள், எந்த இசைக் கல்லூரியில் படித்தீர்கள் என்று கேட்டிருந்தார். ஷாரோன் படித்துச் சொன்னாள். டில்லிக்குச் சிரிப்பு வந்தது. தகட்டை வை, கையை எடு, இரண்டு பொத்தானையும் அமுக்கு, ப்ரெஸ் இறங்கட்டும், ஏறட்டும், தகட்டை எடு, ரேக்கில் போடு. ஏழு. ப்ரெஸ் மேலே ஏறுகிறவரை கை உள்ளே போகக் கூடாது, அதற்காக அவன் சில சமயம் கூடுதலாக ஒன்று எண்ணுவான். எட்டு. ஒன்பது வருஷமாக இதை எண்ணுகிறவனை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும்?

"எனிக்கும் எழுது," என்றாள் பாஞ்சாலி. "ஏழாவது படிச்சதுன்னு போடு. எட்டாவது மூணு மாசம் போனேன், அதையும் போடு."

"இந்த மாதிரி நீளமான பாட்டுக்கு ப்ரோக் ராக்னு பேரு அக்கா," என்றான் மோகன். "நாட்டுப்புறப் பாட்டு கலந்த ப்ரோக் ராக். வெளிநாட்டுல இதுக்குன்னே ஆள்கள் இருக்காங்க."

"பேர் இருக்கட்டும். ஒரு பாட்ட சீக்கிரமா முடிக்கத் தெரியாதா அவங்களுக்கும்?"

சென்னையில் ஒரு ஹாலில் கூப்பிட்டார்கள். போனார்கள். விளக்கு போட்டார்கள், கூட்டம் அமைதியானது, பாட்டு ஆரம்பிக்கவில்லை. ஏன் என்றால், நாலு பேருமே அடுத்தவர் போட்டதன் மேல் போட்டுப் பழகியவர்கள். டில்லி ஷாரோனைப் பார்த்தான், ஷாரோன் மோகனைப் பார்த்தாள், மோகன் பாஞ்சாலியைப் பார்த்தான், பாஞ்சாலி மெஷின் எங்கே என்று தேடினாள். தட்டு கழுவுகிற மெஷின். அந்த ரீங்காரம் இல்லாமல் அவளுக்குத் தொண்டை திறக்கவில்லை. முழுசாக ஒரு நிமிஷம். பிறகு ஹாலின் ஏசி ஒரு உறுமல் உறுமியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், அந்த ஒரு நிமிஷ மௌனம் பிரமாதம் என்று ஒரு பத்திரிகை எழுதியது.

அப்புறம்தான் கட்டி வந்தது, டாக்டர் வந்தார், நாலாவது பாட்டு வந்தது.

மற்ற மூன்று ஆல்பத்திலும் பாஞ்சாலியின் குரல் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அவற்றில் அவள் மற்ற மூன்று பேருக்கும் இடம் விட்டு விட்டுப் பாடினாள். நாலாவதில் அவள் யாருக்காகவும் ஒதுங்கவில்லை. நாற்பத்து மூன்று நிமிஷமும் அவளே நின்றாள். முதல் தடவை அதைக் கேட்ட அன்று மோகன் கிட்டாரை எடுக்காமல் வீட்டுக்குப் போனான். ஷாரோன் பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டில்லி ஒரு வாரம் தினமும் காலையில் வந்து வெறுமனே கேட்டான். ஒரு பெண்பிள்ளை தொண்டைக்குள் இவ்வளவு வைத்துக்கொண்டா நம் எச்சில் தட்டைக் கழுவினாள் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகுதான் பம்பையை எடுத்தான்.

அந்த மாசம் ஞாயிறெல்லாம் ஓ.டி. வாராவாரம் எல்லாவற்றையும் லேப்டாப்பில் நகல் எடுத்து வைக்கிற ஷாரோன் நாலு வாரமாக எடுக்கவில்லை. அவளுடைய போனில் பதினோரு வினாடி இருந்தது, அதில் மூன்று வினாடி அவளே தும்முகிறாள். வேறு எங்கேயும் அந்தப் பாட்டு இல்லை.

டில்லி திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஸ்ரீதரின் கடைக்கு மெமரி கார்டோடு ஓடினான். போனில் அழிந்த கல்யாண போட்டோவையெல்லாம் மீட்டுக் கொடுக்கிற ஆள் ஸ்ரீதர். ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "அழிச்சிருந்தாக் கூட எடுத்துரலாம்பா. அது மேல நீ எழுதிட்டே. எழுதிட்டா போச்சு."

அன்று சாயங்காலம் மற்ற இரண்டு பேரிடமும் சொன்னான். மோகன் நேராக அவனைப் பார்த்தான். "நீ என்னலே செஞ்சு வச்சிருக்க," என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் டில்லிக்குத் தேவலையாக இருந்திருக்கும். மோகன் வெளியே போய் கலங்கலின் மேல் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

"மெஷின் ரிப்பேர்னு சொல்லிருவோம். ஆபரேஷன் ஆன உடம்பு, தாங்காது. ஒனக்கும் எனக்கும் இவளுக்கும் தவிர யாருக்குத் தெரியும்?"

டில்லிக்கு அந்த வார்த்தை குளிர்ச்சியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. ஒரு வாரம் அதைப் பிடித்துக்கொண்டே ஷிப்டுக்குப் போனான், வந்தான். மெஷின் கெட்டுப்போச்சுக்கா என்று சொல்லிப் பழகினான், பஸ்ஸில், பாத்ரூமில், ப்ரெஸ் முன்னால் ஏழு எண்ணுகிற நேரத்தில். ஷாரோன்தான் அதைக் கெடுத்தாள்.

"நோட்டுல இன்னாண்ணா எழுதுவே?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள். அந்தச் சனிக்கிழமைக் கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. டில்லி பேனாவை எடுத்தான், 'மெஷின்' என்று எழுதப் போனான், கை வரவில்லை. ஏழு வருஷ நோட்டு அது. பீப் சத்தம் வந்ததையும் கரண்ட் போனதையும், மோகன் ஒருநாள் அழுததையும்கூட அதில் எழுதியிருந்தார்கள். பொய் ஒன்றுதான் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிசயமாக யாருக்கும் ஓ.டி. இல்லை. மூன்று பேரும் மெஷினையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பாஞ்சாலியின் வீட்டுக்குப் போனார்கள். மெஷின் அந்த அறையை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அவள் புருஷன் நாகப்பன் நாற்காலி எடுத்துப் போட்டு, டீ வைக்க உள்ளே போனார்.

பாஞ்சாலி கழுத்தில் பருத்தித் துண்டு சுற்றியிருந்தாள். "வாங்கோ," என்றாள். டில்லி நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டான். அது குரல் இல்லை. வெறும் காற்று, அதில் எங்கேயோ கொஞ்சம் உரசல். எதிரில் உட்கார்ந்தால்தான் கேட்கிறது.

"முடிச்சுட்டியா டில்லி?" என்று கேட்டாள். மெஷினைப் பார்த்து அவள் முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா, ஒண்ணாம் டிராக்கு இல்ல."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"உன் பாட்டு இல்லக்கா. அழிஞ்சிருச்சு. மெஷின் மேல தப்பு இல்ல. நான்தான் அழிச்சேன். பம்பைய கொண்டுபோயி அது மேல எழுதிட்டேன்."

உள்ளே ஸ்டவ் எரிகிற சத்தம் கேட்டது. மோகன் சுவரைப் பார்த்தான். ஷாரோன் துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி துண்டுக்குள் கையை விட்டுத் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"தூக்கமா?"

"ஆமாக்கா. சி ஷிப்டு முடிச்சுகினு நேரா வந்துட்டேன்."

அவள் ஹெட்போனுக்காகக் கையை நீட்டினாள். டில்லி மாட்டிவிட்டான், மெஷினை ஓட விட்டான். நாகப்பன் டீ கொண்டு வந்தார், நிலைமையைப் பார்த்துத் தரையில் வைத்துவிட்டு நின்றார். பாட்டு நாற்பத்து மூன்று நிமிஷமும் ஓடியது. டீ ஆறி ஆடை கட்டியது.

முதலில் அவள் முகத்தில் ஒன்றுமில்லை. மூன்றாம் நிமிஷம் இருக்கும், உதடு அசைந்தது. டில்லி மெஷினில் ஓடுகிற நிமிஷத்தையும் அவள் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அந்தப் பாட்டு எழுத்து எழுத்தாகத் தெரியும். அவள் உதட்டில் வருகிற வரியும், உள்ளே அந்த நேரத்துக்கு வர வேண்டிய வரியும் ஒன்றாக இருந்தன. எட்டாம் நிமிஷத்தில் ஒரு நீட்டல் வரும், அங்கே கழுத்தைச் சாய்த்தாள். பதினாலில் சட்டென்று கீழே இறங்கும், அங்கே அவள் கை தொடையில் இறங்கியது. ஒரு வரி பிசகவில்லை. காதில் குரலே இல்லை, அவள் முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்தாள். டில்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவனை அருகே வரச் சொன்னாள்.

"நான் மூச்சு வாங்கின எடத்துலலாம் நீ நின்னுகினு கீறே," என்றாள் அந்தக் காற்றுக் குரலில். "ஒரு எடம் கூட வுடல."

அவன் அப்படி வாசித்தது அவனுக்கே தெரியாது. ப்ரெஸ் ஏறுகிறவரை கையை எடுத்துக் காத்திருக்கிற ஆள். அவள் மூச்சு இழுக்கிறபோதெல்லாம் கை தானாக மேலேயே நின்றிருக்கிறது. நாற்பத்து மூன்று நிமிஷமும் அவன் அவளுக்காகக் காத்திருந்த இடங்கள் அங்கங்கே பள்ளம் பள்ளமாக அப்படியே இருந்தன. அந்தப் பள்ளங்களை வைத்துத்தான் அவள் வழி கண்டுபிடித்திருக்கிறாள்.

"கொரலு வந்ததும் திரும்பப் பாடுக்கா," என்றான். "ஒரு வருஷம் ஆனாலும் வெயிட் பண்றோம். இதெல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேருந்து வரலாம்."

அவள் நோட்டைக் கேட்டாள். முதல் பக்கத்தைத் திருப்பி, தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"நான் எதையும் போடலியேக்கா. அழிச்சேன்."

"அழிச்சதும் உன் ஷிப்டுல ஆனதுதான். எழுது."

டில்லி தரையில் உட்கார்ந்து காலியாகக் கிடந்த சனிக்கிழமைக் கட்டத்தில் எழுதினான்: 'டில்லி. ஒண்ணாம் டிராக் அழிஞ்சது. நான் அழிச்சேன்.' எழுதி முடித்தபோது ஒரு மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. பாஞ்சாலி நோட்டைத் தன் பக்கம் திருப்பி, அடுத்த கட்டத்தில் எழுதினாள்: 'பாஞ்சாலி. பார்த்தேன். இதுக்கு மேல போடறேன்.'

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் குரலில் என்னத்தைப் போடுவாள்?

"ஃபேனை நிறுத்துங்கோ," என்று புருஷனிடம் சைகை காட்டினாள். மெஷினில் இருக்கிற மைக்கே போதும் என்றாள். டில்லி ஒன்றாம் டிராக்கைத் தேர்ந்தெடுக்கப் போனான், அது அவளுடையதாயிற்றே. அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதுல நீ போட்டது கீதே. என்னை உன் எடத்துல போடு."

நாலாம் டிராக் காலியாக இருந்தது. பாட்டு ஓட ஆரம்பித்தது. பாஞ்சாலி மைக்குக்கு முன்னால் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு இழுத்தாள். அவ்வளவுதான். முன்பு எந்தெந்த இடத்தில் பாடுவதற்கு மூச்சு எடுத்தாளோ அந்தந்த இடத்தில் மூச்சு எடுத்தாள். நீளமான வரிக்கு முன்னால் நீளமாக. கோபமான வரிக்கு முன்னால் வெடுக்கென்று. வரிகள் வரவில்லை, வரிகளுக்கு முன்னால் வர வேண்டியது மட்டும் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் நாலு மூச்சு அடுத்தடுத்து, அழுகிறவள் மாதிரி. இருபத்தேழாம் நிமிஷத்தில் தெருவில் ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதுவும் போட்டதுதான், இன்றைக்கும் இருக்கிறது. ஷாரோன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோகன் தெய்வச் சன்னதியில் நிற்கிறவனைப் போல செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

நாலாவது ஆல்பம் அப்படியே வெளியே போனது. பெயர் 'நாலாம் டிராக்.' பாடுகிறவள் மூச்சு எடுக்கிறாள், பாட்டு வரவில்லை, அந்த இடத்தில் கிட்டாரும் பம்பையும் யாருக்காகவோ வழிவிட்டுப் போகின்றன. கேட்டவர்கள் இது என்ன என்று கேட்டு எழுதினார்கள். பின்லாந்துக்காரர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று தடவை கேட்டேன், பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அங்கே யாரோ பாடுகிறார்கள் என்று தோன்றியது என்று மட்டும் எழுதியிருந்தார்.

தை மாசம் பாஞ்சாலி வேலைக்குத் திரும்பினாள். டாக்டர் சீட்டு கொடுத்திருந்ததால் அவளுக்குக் காலை ஏ ஷிப்ட் மட்டும். அந்த வாரம் டில்லிக்கும் ஏ ஷிப்ட். மூன்றரை மணி பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்கள், அப்படி ஒன்றாகப் போவது அதுதான் முதல் தடவை. மாரி நாலாவது ஆல்பத்தைப் போட்டார். ஒரு மாசமாகத் தினமும் அதைத்தான் போடுகிறாராம்.

ஒரகடம் தாண்டியிருக்கும். முன்னால் இரண்டாவது வரிசையில் பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஊர் போளூர்ப் பக்கம், ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலியை அவளுக்குத் தெரியாது, அழிந்துபோன அந்தப் பாட்டை அவள் கேட்டிருக்க வழியே இல்லை. ஸ்பீக்கரில் பாஞ்சாலியின் மூச்சு வந்தது. அந்தப் பெண்ணும் கூடவே மூச்சு எடுத்தாள். பிறகு மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

டில்லி நிமிர்ந்து உட்கார்ந்தான். எட்டாம் நிமிஷத்து நீட்டல். அதே நீட்டல். அதே இடத்தில் ஏறி, அதே இடத்தில் வளைந்தது. அவன் கட்டைவிரல் அழித்த மெட்டு, ஸ்ரீதர் போச்சு என்று சொன்ன மெட்டு, கிட்டாரும் பம்பையும் விட்டு வைத்த பள்ளங்களில் நிரம்பி, யார் பெற்ற பெண்ணோ ஒருத்தியின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு அது தினசரி வழக்கம் போலிருக்கிறது.

அவன் திரும்பிப் பாஞ்சாலியைப் பார்த்தான். அவள் அசையாமல், கழுத்துத் துண்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. பிறகு அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"ரெண்டாவது வரில சுதி எறங்குது," என்றாள். "போயி சொல்லு அதுக்கு."